சிறைக்கோட்டமா? அறக்கோட்டமா?

(பூம்புகார்ப் பொழிவு)



காவிரி கடலொடு கலக்கும் இம் மண்ணில் நிகழ்ந்ததாக மணிமேகலைக் காப்பியம் கூறும் ஒரு நிகழ்ச்சிக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்பது பெயர். மணிமேகலை வேந்தனிடம் பொன் கேட்டிலள், பொருள் கேட்டிலள், சிறையை அறச்சாலை ஆக்குக என்றே கேட்டாள். வேந்தனும் இசைந்தான். இதே புகாரிற் பிறந்த கோவலனோ மதுரையில், ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பியவரால், உசாவலின்றியே வெட்டுண்டான். ஒறுக்கப்பட்டார்க்கும் மறுவாழ்வு தருவது ஒரு நெறி. ஐயத்தையே குற்றமாகக் கொள்வது மற்றொரு நெறி. இன்றைய அரசுப்பணி விதிகள் இவற்றுள் எந்நெறியில் நிற்கின்றன?

ஐவரோ அவரின் மிக்காரோ சட்டத்திற்குப் புறம்பான நோக்கொடு கூடி, அவருள் ஒருவன் வன்முறையில் இறங்கினால், அக்கூட்டத்தார் அனைவரும் கலகக் குற்றத்திற்கு ஆளாவர். வெள்ளையன் 1860-இல் இயற்றிய தண்டச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு இதற்கு ஈராண்டு வரை சிறை வகுத்தது. 2024 சூலை 1 முதல் அச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய நியாய சன்கிதா' என வடமொழிப் பெயர் சூடி வேறொன்று வந்துள்ளது. கலகம் அதில் 191-ஆம் பிரிவு. பெயர் மாறிற்று, வலை மாறவில்லை. பொது நோக்கில் பங்குடையான் எனக் காட்டிவிட்டால், கை ஓங்காதவனும் அவ் வலையில் அகப்படுவான்.

அகப்பட்டவன் காவலர் பணிக்குச் சென்றால் நிகழ்வது என்ன? தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகள், குற்ற வழக்கில் தொடர்புடையவனைத் தகுதியற்றவன் என்கின்றன. ஐயத்தின் பயனால் விடுதலை பெற்றவனையும், முறையீட்டாளர் பிறழ்ந்தமையால் விடுதலை பெற்றவனையும் தொடர்புடையவனாகவே கொள்க என்று விளக்கமும் தருகின்றன. 2008-இல் சென்னை உயர்நயன்மன்றத்தின் முழு ஆயமும் இதனை ஏற்றது. மன்றம் விடுவித்தவனை அலுவலகம் விடுவிப்பதில்லை!

தேர்தலில் நிற்பார்க்கோ அளவுகோல் வேறு. 1951-ஆம் ஆண்டு மக்கள் சார்பாண்மைச் சட்டப்படி, கலகக் குற்றத்திற்கு ஈராண்டிற்குக் குறைந்த சிறை பெற்றவன் உடனே தேர்தலில் நிற்கலாம். ஈராண்டு பெற்றவனும் விடுதலைக்குப் பின் ஆறாண்டு கழிந்தால் நிற்கலாம். அமைச்சனாக வந்து காவல்துறைக்கே ஆணையிடலாம். காவலனாக மட்டும் ஆகமுடியாது! இந்தி எதிர்ப்பில் 1938-இலும் 1963-இலும் சிறை புகுந்த அண்ணாதுரை 1967-இல் முதலமைச்சரானார். இன்றைய விதிகொண்டு அளந்தால், அவர் ஆண்ட நாட்டில் கடைநிலைக் காவலர் பணியும் அவர்க்குக் கிட்டியிராது.

இத் தஞ்சைத் தரணிக்கு இவ் வினா புதிதன்று. 1939-இல் சிறைப்பட்டு மாண்ட தாளமுத்து குடந்தையைச் சேர்ந்தவர். 1965-இல் தீக்குளித்த சாரங்கபாணி மாயவரத்துக் கல்லூரி மாணவர். மாண்டார்க்குச் சிலை எடுக்கும் நாடு, அவ்வாறே போராடிப் பிழைத்து வழக்குச் சுமக்கும் இளைஞனுக்கு வேலை மறுப்பது முறையா?

வேல்சு நாட்டு மாணவர் 1970-இல் தம் தாய்மொழிக்காக இலண்டன் உயர்மன்றத்துள் புகுந்து ஆர்ப்பரித்தனர். மூன்று திங்கள் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நடுவர் தென்னிங்கு, அவர்கள் கொடியவர் அல்லர். தம் மொழிமேற் பற்றுடையார் எனக் கண்டு, பிணையெழுதி விடுவித்தார். அத் தீர்ப்பை எடுத்துக்காட்டியே 2011-இல் தில்லி உச்ச நயன்மன்றம், இளமையிற் செய்த சிறு பிழையை மறைத்த ஒருவரின் வேலை மறுப்பை நீக்கிற்று. 2016-இல் அம் மன்றமே, இளமையில் முழக்கமிட்டமை போன்ற சிறு குற்றத்தை மறைத்திருப்பின், பணி தருவோர் அதனைப் பொருட்படுத்தாது விடலாம் என்றது. 'விடலாம்' என்றதே தவிர, 'விடவேண்டும்' என்னவில்லை.

2021 செபுதம்பரில் தமிழ்நாட்டரசு, மீத்தேன் எதிர்ப்பு, எண்வழிச்சாலை எதிர்ப்பு, கூடங்குள எதிர்ப்பு முதலிய அறப்போராட்டங்கள் தொடர்பான 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அது நன்றே. ஆயினும் ஆட்சியாளர் அருளால் கிடைப்பது உரிமை ஆகாது. அருள் மாறும், சட்டமே நிற்கும். பிரித்தானியம் 1974-இலேயே, வரையறுத்த காலம் கழிந்தால் பழங்குற்றம் கழிந்ததாகும் எனச் சட்டம் செய்தது. இந்தியாவில் சிறார்க்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அக் காப்பைத் தருகிறது. பதினெட்டு கடந்தவனுக்கு அதையொத்த பொதுக்காப்பு இல்லை.

ஒன்றை மறத்தலாகாது. 1968-இல் வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் எரித்ததும் ஒரு கும்பலே. ஏழையின் கூரைக்குத் தீவைத்தவனுக்குக் காவலுடை தருக என எவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கொளுத்தியவனையும் கொள்கை முழங்கியவனையும் ஒரே தட்டில் நிறுத்தாதீர் என்பதே கேட்பது. செயலை நோக்குக; அகவையை நோக்குக; பின்னர் அவன் வாழ்ந்த வாழ்வை நோக்குக; மன்றம் விடுவித்தவனை விடுவிக்கப்பட்டவனாகவே கொள்க. இதனைச் சட்டமாக எழுதுக.

இளைஞரே! அச் சட்டம் வரும்வரை படிவத்தில் வழக்கை மறைக்காதீர். பலரை வீழ்த்தியது வழக்கன்று, மறைப்பே. மொழிக்காகவும் மண்ணுக்காகவும் நின்றதைச் சொல்ல நாணுவானேன்? உண்மையை எழுதி, உரிமையைக் கேளுங்கள்.

சிறையை அறச்சாலையாக்கிய ஊர் இது. இங்கிருந்து இக் குரல் எழட்டும்!