எழுத்த மிதிச்சா அவுட்

இன்னிக்கு எபிசோட்ல டெக் ரொம்ப கம்மி. ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு, ரெண்டு ரோல் மாஸ்கிங் டேப், அப்புறம் கீழ் வீட்டு ஆன்ட்டி, இவங்கதான் இன்னிக்கு கதை.

என் அக்கா வீடு பெங்களூர்ல, மூணாவது மாடியில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். போன மழைக்காலத்துல ரெண்டு மாசம் அங்க தங்கி வேலை பார்த்தேன். அக்கா பொண்ணு யுகேஜி. ஸ்கூல்ல இங்கிலீஷும் கன்னடமும். தமிழ் வீட்டுல மட்டும். பேச்செல்லாம் பிரமாதமா பேசுவா, என்னையே வாய மூட வைப்பா. எழுத்துதான் தெரியாது.

எங்கம்மா கோவில்பட்டியில இருக்காங்க. தினமும் காலையில பேத்திக்குன்னு வாட்ஸ்அப்ல தமிழ்ல ஒரு வரி அனுப்புவாங்க. மைக்க அமுக்கிப் பேசினா போன் எழுதிக் கொடுத்துடுதே, அந்த வசதியில. இவ போனத் தூக்கிட்டு அக்காகிட்ட ஓடுவா, "பாட்டி என்ன சொல்றாங்க, படி"ன்னு. அக்கா மீட்டிங்ல இருப்பா. "அப்புறம்டா"ன்னு சொன்னதோட அது அப்படியே போயிடும். ஒருநாள் இட்லி சாப்பிட்டுக்கிட்டே ரொம்ப சாதாரணமா சொன்னா: "மாமா, எனக்கு தமிழ் வராது."

அழல, கோபப்படல. எனக்கு பாகற்காய் பிடிக்காதுன்னு சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

சரின்னு உட்கார வச்சு "அ, ஆ சொல்லு பாப்போம்"னேன். அ-ல ஆரம்பிச்சு ஃ வரைக்கும் ஒரே மூச்சுல பாட்டா பாடிட்டா. சுவத்துல அக்கா ஒட்டியிருந்த சார்ட்ல ஊ மேல விரல வச்சு "இது என்ன?"ன்னு கேட்டேன். அவ விரல் நேரா அ-க்குப் போச்சு. அ, ஆ, இ, ஈ, உ, ஊ, இறங்கி வந்து சேர்ந்தா. அதே ஊ-வ தனிப் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். முழிச்சா. கோட் எழுதுற நண்பர்களுக்கு இது உடனே புரியும். அவகிட்ட இருந்தது லிங்க்ட் லிஸ்ட். ஆறாவது ஆள் யாருன்னு தெரியணும்னா முதல் ஆள்கிட்ட இருந்து ஒவ்வொருத்தரா விசாரிச்சுட்டு வரணும். எழுத்து தெரியல, வரிசை தெரியும். நம்மல்ல பல பேர் 'என் புள்ள அ ஆ எல்லாம் சொல்லும்'னு வீடியோ போடுறோமே, அதுல பாதி இந்தக் கேஸ்தான்னு நினைக்கிறேன்.

வெளிய மழை. இவளுக்கு ஓடணும். நோட்டப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுறா. அப்போ ஹால்லயே ஏதாவது ஓடி விளையாடுற மாதிரி பண்ணலாம்னு முடிவு பண்ணேன்.

முதல் வெர்ஷன் எல்லாரும் பண்றதுதான். பாண்டி ஆட்டம் மாதிரி தரையில டேப்பால 12 கட்டம். ஒவ்வொண்ணுலயும் ஒரு உயிரெழுத்து, அ-ல இருந்து ஔ வரைக்கும் வரிசையா. நான் கத்துவேன், அவ அந்தக் கட்டத்துல குதிக்கணும். ரெண்டே நாள்ல ஒரு தப்பு கூட இல்ல. நான் வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன். மூணாவது நாள் அக்கா வீடு துடைக்கிறதுக்காக பேப்பரெல்லாம் எடுத்தா. திரும்ப வைக்கும்போது எ-வும் ஒ-வும் இடம் மாறிடுச்சு. நான் "ஒ!"ன்னேன். பழைய இடத்துலயே குதிச்சா, கம்பீரமா. காலடியில இருக்கிறது எ. அவ எழுத்தப் படிக்கல, எங்க வீட்டுத் தரையப் படிச்சிருக்கா. டிவிகிட்ட ஒ, ஷூ ஸ்டாண்டுகிட்ட ஈ. மிஷின் லேர்னிங் பக்கம் இருக்கிறவங்க ஓவர்ஃபிட்டிங்னு சொல்வாங்களே, அதேதான்.

அடுத்து நான் பண்ணது அதைவிட மோசம். வேகம் வந்தா ஆர்வம் வரும்னு ஸ்டாப்வாட்ச் வச்சேன். சார்ட் பேப்பர்ல லீடர்போர்டு. போட்டிக்கு யாரும் இல்லாததால அவளோட நேத்து டைமோட இன்னிக்கு டைம் போட்டி. ரெண்டாவது நாள் நேத்த விட நாலு செகண்ட் லேட். உதடு பிதுங்குச்சு, அழுகை, கட்டிலுக்கு அடியில. அதுக்கப்புறம் நாலு நாள் நான் டேப்ப எடுத்தாலே "தமிழ் விளையாட்டு வேணாம்"னா. நோட்டோட சேர்த்து விளையாட்டையும் நானே அவளுக்கு வெறுக்க வச்சுட்டேன். அக்கா ஒண்ணும் சொல்லல. அந்த லீடர்போர்ட மட்டும் கிழிச்சு குப்பையில போட்டா.

அந்த வீடியோவும் சும்மா விடல. அம்மா போன் பண்ணாங்க. "என்னடா இது, புள்ளைய எழுத்து மேல குதிக்க விட்டிருக்க? சரஸ்வதிடா அது!" எங்க வீட்டுல தினத்தந்தி மேல கால் பட்டாக்கூட தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். நான் பதில் பேசல. அதே வாரம் கீழ் வீட்டு ஆன்ட்டி மேல வந்தாங்க. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்டாம், சாயங்காலம்தான் தூங்குவாராம். "கொழந்த குதிக்கிறது எங்களுக்குச் சந்தோஷம்தான் தம்பி, ஆனா..."ன்னு இழுத்தாங்க. அந்த "ஆனா" போதும்.

ஆக எழுத்த மிதிக்கக் கூடாது. சத்தம் வரக் கூடாது. அவசரம் இருக்கக் கூடாது. இந்த மூணு ரூலையும் அப்படியே விளையாட்டுக்குள்ள போட்டேன். எனக்கு உருப்படியா வந்த ஒரே ஐடியா இதுதான்.

டேப் கட்டமெல்லாம் போச்சு. அரை ஏ-ஃபோர் அளவு அட்டையில தடியான ஸ்கெட்ச்ல எழுத்து. ஹால் முழுக்க அட்டைய இறைச்சு வைப்பேன், ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடத்த மாத்துவேன். அவ பூனை. பூனை சத்தம் போடாம நடக்கணும், எழுத்த மிதிச்சா அவுட். நான் ஒரு சத்தம் சொல்வேன். பூனை அந்த எழுத்துகிட்ட போயி, குனிஞ்சு, விரலால ஒரு தடவ எழுத்து மேலயே எழுதிக் காட்டணும். டைமர் கிடையாது. மிதிச்சிடக் கூடாதேன்னு ஒவ்வொரு அடிக்கும் கீழ பார்த்தா பாருங்க, அங்கதான் எல்லாம் மாறுச்சு. குதிக்கும்போது பார்வை என் மூஞ்சியில இருந்தது, இப்போ எழுத்துல இருக்கு.

நெட்ல இந்த மாதிரி விளையாட்டு நூறு இருக்கு. எதை எடுத்தாலும் நான் இப்போ கேட்கிறது ஒரே கேள்வி: எழுத்தப் பார்க்காமலே புள்ளையால இதுல ஜெயிக்க முடியுமா? முடியும்னா அது நல்ல உடற்பயிற்சி. எழுத்து வராது. கத்துற அப்பா கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தே ஜெயிக்கிற புள்ளைங்க இருக்காங்க. இவளும் அதைச் செஞ்சா. அப்புறம் நான் சீலிங் ஃபேனப் பார்த்துதான் சத்தம் சொன்னேன்.

எந்த எழுத்துல ஆரம்பிக்கிறதுங்கிறதும் முக்கியம். தமிழ்ல மொத்தம் 247. அ-வப் பாருங்க, சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கு. கண்ணுக்கும் கைக்கும் கஷ்டமான எழுத்துல ஒண்ணு. நான் உயிரெழுத்த ஓரமா வச்சுட்டு ட, ப, ம, ர நாலு மட்டும் எடுத்தேன். பெரும்பாலும் நேர்கோடு. கூட ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு அக்காவோட ஸ்டிக்கர் பொட்டு. ம-ன்னா நடக்கலாம், ம் வந்தா அந்த இடத்துலயே சிலையா நிக்கணும், சத்தமும் அங்கயே நின்னுடும். ஓடற ம-வுக்குப் பொட்டு வச்சா ம் ஆகி நின்னுடுதுங்கிறது அவளுக்கு ரொம்பப் பிடிச்சது. பொட்டு வைக்கிற அதிகாரம் அவளுக்குத்தான். நாலு எழுத்து, ஒரு பொட்டு, அவ்வளவுலயே படம், மடம், மரம், பட்டம், பம்பரம் எல்லாம் வந்துடும். அட்டைய வரிசையா வச்சு பக்கத்துலயே நடந்துக்கிட்டே படிப்பா.

பம்பரத்துல ஒரு பஞ்சாயத்து வந்துச்சு. "மாமா, ரெண்டும் ப தானே? ஏன் ஒண்ணு வேற மாதிரி சத்தம் போடுது?" உண்மைதான். முதல் ப அழுத்தி வருது, ம்-க்கு அப்புறம் வர்ற ப மெத்துன்னு வருது. நான் எத்தனையோ வருஷமா தமிழ் படிக்கிறேன், இதை யோசிச்சதே இல்ல. "முன்னாடி ம் நின்னா ப பயந்து மெதுவா பேசும்"னு ஒரு கதை விட்டேன். மொழியியல் படிச்சவங்க என்னை மன்னிக்கணும்.

அப்புறம் கொம்பு. நம்ம ஆளுங்க உயிர்மெய்க் குறிகளுக்கு வச்ச பேரக் கேளுங்க. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு. உடம்பு உறுப்பாவே பேர் வச்சிருக்காங்க, நாமதான் உட்கார வச்சு எழுதவிடுறோம். எங்க வீட்டுல ப-ன்னா நேரா நிக்கணும். பா-ன்னா வலது கால பக்கவாட்டுல நீட்டணும். பெ-ன்னா தலையில ஒரு விரல் கொம்பு, பே-ன்னா ரெண்டு. பொ-ன்னா ஒரு கொம்பும் காலும், போ-ன்னா ரெண்டு கொம்பும் காலும். அவ போ நின்னா கோபமான ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். அக்கா மீட்டிங்ல கேமரா ஆன்ல இருக்கும்போது பின்னாடி ஒரு போ கடந்து போனது தனிக்கதை.

இங்கதான் கொஞ்சம் டெக். பெ-யில கொம்ப ப-வுக்கு முன்னாடி எழுதறோம், ஆனா அந்த எ சத்தம் ப-வுக்கு அப்புறம்தான் வருது. யூனிகோடுல கம்ப்யூட்டர் சத்தத்தோட வரிசையிலதான் சேமிக்கும், முதல்ல ப, அப்புறம் கொம்பு. திரையில காட்டும்போதுதான் கொம்பு இடப் பக்கம் போகும். அதுக்குன்னு தனியா புரோகிராம் எழுதி வச்சிருக்காங்க. அந்த இடமாத்தத்த ஒரு அஞ்சு வயசு மூளை தானாவே செய்யணும்னு நாம எதிர்பார்க்கிறோம். செய்யலைன்னா "கவனம் இல்ல"ன்னு திட்டுறோம். இதுக்கு நாங்க மூணு பேரா நின்னோம். நடுவுல அவ ப, இடப் பக்கம் நான் கொம்பு, வலப் பக்கம் அக்கா கால். பொ. அவதான் முதல்ல வாயத் திறக்கணும், அப்புறம் நாங்க. முன்னாடி நிக்கிறவன் பின்னாடி பேசுறான். இது பிடிபட ஒரு வாரம் ஆச்சு.

விரலால எழுத்து மேல எழுதச் சொன்னேனே, அது என் கண்டுபிடிப்பு இல்ல. விஜயதசமிக்கு அரிசியில விரலப் பிடிச்சு எழுத வைக்கிறோமே, அதுதான். திண்ணைப் பள்ளியில தினமும் மணல்ல எழுதினாங்க. 1789-ல எழும்பூர்ல ஒரு அநாதை இல்லத்துப் பையன்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல். இங்க உள்ளூர்ப் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதப் பார்த்து அதைத் தன் பள்ளியிலயும் கொண்டுவந்தார். 1797-ல லண்டன்ல அதைப் பத்திப் புத்தகமும் போட்டார். அங்க அதுக்குப் பேரே மெட்ராஸ் சிஸ்டம். மரியா மாண்டிசோரியும் உப்புத்தாள்ல எழுத்த வெட்டி விரலால தடவச் சொன்னவங்க. அவங்க 1939-ல பயிற்சி வகுப்பு எடுக்க வந்தது நம்ம அடையாறுக்கு. நான் அம்மாகிட்ட பெல் கதையச் சொன்னேன். "அதான் மிதிக்காதேன்னு சொன்னேன், விரலால தொடுன்னு"ன்னாங்க. அப்படி அவங்க சொல்லவே இல்ல. பரவால்ல.

எல்லாம் சுகமா முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் கீழ இருக்கிற அந்தச் சின்னக் கால்கோடு மட்டும்தான், அது இன்னும் குழப்புது. ன, ண, ந மூணையும் ஒரே நாள்ல இறக்கினேன், அது என் தப்பு. இப்போ மூணையும் பார்த்தா "ன வீட்டு ஆளுங்க"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுறா. கு, சு, டு, து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும், அதுக்கு என்கிட்ட எந்த விளையாட்டும் இல்ல. அது மெதுவா பழகித்தான் வரணும். விளையாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல போனா கெட்டுச்சு. அவ "இன்னொண்ணு"ன்னு கேட்கும்போதே நிறுத்திடணும். எனக்குத்தான் அது கஷ்டமா இருந்துச்சு.

நான் சென்னை கிளம்புறதுக்கு முந்தின நாள் காலையில அம்மாகிட்ட இருந்து மெசேஜ். இவ போன எடுத்தா, அக்காகிட்ட ஓடல. சோபாவுல உட்கார்ந்து முதல் வார்த்தைய விரலால தடவிக்கிட்டு இருந்தா. ஒரு கால நீட்டினா. "பா..." பொட்டு இருக்கிற இடத்துல அப்படியே சிலையானா. "பாப்... பா." நிமிர்ந்து பார்த்தா. "மாமா, இது நான்!"

மீதி வரிய அவளால படிக்க முடியல. 'சாப்பிட்டியா'ன்னு இருந்துச்சு, ச இன்னும் வரல. அக்காதான் படிச்சா. பதில் அனுப்பணும்னு அடம் பிடிச்சா, தெரிஞ்ச எழுத்துல என்ன அனுப்பலாம்னு யோசிச்சு ட, ப, ம, ர கூட்டத்துல இருந்தே ஒரு வார்த்தை கண்டுபிடிச்சா. அம்மா அதை இன்னும் அழிக்காம வச்சிருக்காங்க: "டாட்டா".

முதல் வெர்ஷன் டேப்ப நாள் கணக்கா தரையில விட்டதுல டைல்ஸ் முழுக்கப் பிசின். தேங்காய் எண்ணெய் தடவி அஞ்சு நிமிஷம் ஊற விட்டுத் துடைங்க, வந்துடும். அக்கா என்னையத்தான் துடைக்க வச்சா. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே.