கருவிக்கு முன் பிறந்த பட்டறை



ஒரு சாதனம் முதலில் சந்தைக்கு வரும், அதன் சூட்சுமம் அறிந்த தொழிலாளர் பிறகே பெருகுவர் என்பது உலக வழக்கம். அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கி, கைபேசி விற்பனைக்கு வருவதற்குப் பதினோரு மாதங்களுக்கு முன்பே அதன் பட்டறையைத் திறந்து வைத்த ஆண்ட்ராய்டு என்னும் கைபேசித் தளத்தின் தொடக்க வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

2007 நவம்பர் 5ஆம் தேதி, கூகிளின் தலைமையில் 34 ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி இத்தளத்தை அறிவித்தன. ஒரு வாரம் கழித்து, நிரல் எழுதுவதற்கான உபகரணத் தொகுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விலையின்றி வெளிவந்தது. சிறந்த நிரல்களுக்கென ஒரு கோடி டாலர் பரிசுத் தொகையும் ஒதுக்கப்பட்டது.

அத்தொகுதியின் விசேஷ அங்கம் எமுலேட்டர். கணினித் திரையில் ஒரு கைபேசி முழு உருவோடு தோன்றும். அதன் பொத்தான்களைச் சுட்டியால் அழுத்தலாம். ஒரு கட்டளையைத் தட்டினால், எவரும் அழைக்காமலே அழைப்பு மணி ஒலிக்கும்; அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எண்களாகக் கொடுத்தால், மேசையை விட்டு அசையாத அந்த மாயக் கைபேசி, தான் அவ்விடத்திலேயே இருப்பதாக நம்பிவிடும்.

அடித்தளத்தில் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கரு நிற்க, அதன்மேல் ஐஸ்லாந்து நாட்டு மீனவ ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய டால்விக் என்னும் இயந்திரம், ஜாவா மொழியில் எழுதிய நிரல்களை இயக்கியது. கைபேசியோடு பிறந்த நிரலுக்கும் வெளியார் எழுதிய நிரலுக்கும் சம அந்தஸ்து என்பதே இத்தளத்தின் தர்மமாக அறிவிக்கப்பட்டது.

2008 அக்டோபர் 21 அன்று ஆண்ட்ராய்டின் மூல நிரலில் பெரும்பகுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் விற்கவும் இசைவளிக்கும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியாயிற்று; மறுநாள், எச்.டி.சி. தயாரித்த ஜி1 என்னும் முதற் கைபேசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இதனால் அனைத்துமே பொதுச் சொத்தாகிவிடவில்லை. வரைபடம், அஞ்சல் முதலிய நிரல்கள் கூகிளின் உடைமையாகவே நின்றன.

ஆயினும், வித்தை பயில விரும்புகிறவனுக்கு விலையின்றிக் கிடைத்த இந்தப் பட்டறையைவிடப் பெரிய உபகாரம் எது? கைபேசி வாங்க வகையற்ற ஒரு மாணவன், கல்லூரிக் கணினியின் முன் அமர்ந்து, தானே எழுதிய நிரலைத் திரையில் இயக்கிப் பார்த்து, அந்த மாயக் கைபேசியின் மணியோசையைக் கேட்கும் கணத்தில், அவன் வாங்குவோன் அல்லன், ஆக்குவோன்.