மிளகுக்கு விலை சொன்னவர் யார்?

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் தவறாது காணும் அரண்மனை ஒன்று உண்டு. 'டச்சு அரண்மனை' என்பது அதற்கு வழங்கும் பெயர். ஆனால் அதனைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர். போர்ச்சுக்கீசியர் அதைக் கட்டி, 1555-ஆம் ஆண்டையொட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்குப் பரிசாக அளித்தனர். நூறாண்டுக்குப் பின் வந்த டச்சுக்காரர் பழுதுபார்த்தனர்; கட்டியவனை விட்டுவிட்டு, ஒட்டடை அடித்தவனை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது!

அரண்மனையின் நடுவே முற்றம். முற்றத்திலே பழையன்னூர்ப் பகவதியின் கோயில். சுவர்களிலே இராமாயண ஓவியங்கள். மலையாள நாட்டு நாலுகட்டு வீட்டின் அமைப்பே அது. கடல் கடந்து வந்த வணிகர் உள்ளூர் மன்னருக்கு மாளிகை கட்டித்தர வேண்டிய தேவை என்ன? அரண்மனையினின்று இறங்கி, பஜார் வீதியில் சிறிது தொலைவு நடந்தால் விடை கிடைக்கும். சுக்கும் மிளகும் ஏலமும் கலந்த நெடி மூக்கைத் துளைக்கும். அந்த மணமே விடை.

ஐரோப்பியர் வந்த பிறகே இக்கரையில் உலக வாணிகம் தோன்றியது என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது பிழை. யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூறு கூறுகின்றது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றிலே பெருவெள்ளம் வந்தது. பழைய துறை தூர்ந்தது. கொச்சியில் புதிய கழிமுகம் திறந்தது என்பர். அதன்பின் அரபியரும் சீனரும் குஜராத்தியரும் வந்துபோகும் துறைமுகமாகக் கொச்சி வளர்ந்தது. மட்டாஞ்சேரி யூதர் தெருவிலுள்ள ஆலயத்திற்குரிய செப்பேடுகளையும் நாம் மறத்தல் ஆகாது. ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டில், பாஸ்கர ரவிவர்மர் என்னும் சேர மன்னர் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய உரிமைகள் அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, படித்துக் காட்டினால் தமிழர்க்குப் பெரும்பாலும் விளங்கக்கூடியது.

ஆகவே சந்தை இருந்தது; வாங்குவோர் பலர் இருந்தனர். வாங்குவோர் பலராக இருந்தமையால் விற்பவன் தன் விலையைச் சொல்ல முடிந்தது. மாறியது இதுதான்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கொச்சிக்கு முதலில் வந்த போர்ச்சுக்கீசியத் தலைவர் கப்ரால். 1500-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரியுடன் பகைத்துக்கொண்டு வந்தவரைக் கொச்சி மன்னர் வரவேற்றார். சாமூதிரிக்கு அடங்கிய சிற்றரசராக இருந்த தமக்கு இவர்கள் துணையாவர் என்பது மன்னரின் கணக்கு. அந்தக் கணக்கை நாம் எளிதில் பழித்துவிடல் ஆகாது. அடங்கியிருந்த காலத்தில் கொச்சி அரசர் நாணயம் அடிக்கவும் கூடாது, தம் மாளிகைக்கு ஓடு வேயவும் கூடாது என்பது விதி என்று துவார்த்தே பார்போசா என்னும் போர்ச்சுக்கீசியர் எழுதியிருக்கிறார். ஓட்டுக்கு ஏங்கிய அரசருக்கு வேற்றவன் நட்பு இனிக்கத்தானே செய்யும்?

நட்பின் விலை விரைவிலேயே தெரிந்தது. 1503-இல் சாமூதிரி படையெடுத்தார். போர்ச்சுக்கீசியரை ஒப்படைக்குமாறு கேட்டார். மன்னர் மறுத்தார். அப்போரில் இளவரசர் நாராயணன் மாண்டார். மன்னர் வைப்பின் தீவிலே அடைக்கலம் புகுந்தார். பின்னர் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வந்து அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தின. அதற்குக் கைம்மாறாகக் கடலோரத்தில் கோட்டை கட்ட இடம் பெற்றன. 1505-இல் வந்த அல்மெய்தா, போர்ச்சுக்கல் அரசர் அனுப்பிய பொன்முடியை மன்னர் தலையிலே சூட்டினார். முடி கிடைத்தது, பின்னாளில் ஓடு வேய்ந்த அரண்மனையும் கிடைத்தது. கைவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. அது தம் நாட்டு மிளகுக்கு விலை சொல்லும் உரிமை.

இதனைச் சற்று விரித்துக் கூறுவோம். 1503-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாஸ்கோ ட காமா கொச்சி மன்னரோடு மிளகின் விலையை உறுதிசெய்தார். அவ்விலை நெடுங்காலம் ஏறாமல் அவர்கள் பார்த்துக்கொண்டனர். விலையில் ஒரு பகுதியைப் பணமாகவன்றிச் செம்பாகக் கொடுத்தனர். கடலில் செல்லும் பிறர் கலங்கள் தங்களிடம் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணையிட்டனர். சீட்டில்லாத கலம் கொள்ளையிடப்படும். சீட்டுப் பெற்றாலும் மிளகு ஏற்றுவது குற்றம். இப்படியாக வாங்குவோன் ஒருவனே என்றாகிவிட்டால் விற்பவன் வாய் திறப்பதெப்படி?

ஆயினும் மிளகுக் கொடி வளர்த்தவன் அறிவிலி அல்லன். கடல்வழி அடைபட்டதும் அவன் மலைவழியை நாடினான். பொதிமாடுகளின் முதுகிலே மிளகு ஏறியது. மேற்கு மலைக் கணவாய்களைக் கடந்து தமிழ்நாட்டுக்கும், அங்கிருந்து சோழமண்டலக் கரைக்கும் சென்றது. அங்கே நல்ல விலை கிடைத்தது. இந்த 'கள்ளத்தனத்தை'ப் பற்றிப் போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் ஓயாது முறையிட்டனர். தன் தோட்டத்து மிளகைத் தான் விரும்பியவனுக்கு விற்பது எவ்வகையில் கள்ளம் என்பது நமக்கு விளங்கவில்லை. பேரரசின் பீரங்கிகளால் தடுக்கவியலாத அவ்வாணிகத்தை நடத்தியவை மணி கட்டிய மாடுகள்.

மிளகு வாங்க வந்தவர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வேறொரு காரத்தைக் கொணர்ந்தனர். தமிழர் அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலால் மிளகாய் என்றனர். இன்று நம் குழம்பிலே மிளகு விருந்தாளி, மிளகாயே வீட்டுக்காரன். சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி ஆகிய சொற்களும் அவர்கள் விட்டுச்சென்றவை. விலையை ஏற்றிக் கேட்கும் 'ஏலம்' என்ற சொல்லும் போர்ச்சுக்கீசியமே. விலையை ஏறவிடாதவர் மொழியிலிருந்து அச்சொல் நமக்கு வந்தது வேடிக்கைதான்.

தமிழுக்கு அவர்களால் விளைந்த நன்மையையும் சொல்லவேண்டும். அண்டிரிக் அடிகள் எனப்பட்ட பாதிரியார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றினார். அடுத்த ஆண்டு 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சானது. அச்சான ஊர் இந்தக் கொச்சியே.

கடலோரக் கோட்டை வெள்ளையருடையது, மட்டாஞ்சேரி மன்னருடையது. இந்த வேறுபாடு பலருக்கு உயிர் காத்தது. கோவாவில் 1560-இல் சமய விசாரணை மன்றம் ஏற்பட்டபின், அங்கிருந்து ஓடிவந்த கொங்கணியர் பலர் மட்டாஞ்சேரியிலே குடியேறினர். திருமலைக் கோயிலை எழுப்பினர். கொடுங்கல்லூரிலிருந்து வந்த யூதர்க்கு மன்னர் தம் அரண்மனைக்கருகிலேயே நிலம் அளித்தார். 1568-இல் அவர்கள் ஆலயம் எழுந்தது. போர்ச்சுக்கீசியர் கட்டித்தந்த அரண்மனையில் இருந்துகொண்டே, போர்ச்சுக்கீசியரால் துன்புற்றோர்க்குப் புகலிடம் தந்தனர் கொச்சி மன்னர்கள். விலை சொல்லும் உரிமையை இழந்தவர்கள் இடம் தரும் உரிமையை இழக்கவில்லை.

1662-இல் டச்சுக் கம்பெனியின் படை வந்தது. போர் நடந்த இடம் அதே அரண்மனை. அரச குடும்பத்தார் சிலர் அங்கே வெட்டுண்டு மாண்டனர். முதிய ராணி சிறைப்பட்டார். அவரைச் சிறைப்பிடித்த வீரர் எண்ட்ரிக் வான் ரீடே என்பவர். டச்சுக்காரர் அப்போது பின்வாங்க, அவர்களுக்கு உதவினர் என்று போர்ச்சுக்கீசியர் யூத ஆலயத்தைச் சூறையாடினர். 1663 ஜனவரியில் டச்சுக்காரர் மீண்டும் வந்து கோட்டையைக் கைப்பற்றினர். தாம் ஆதரித்தவரை அரியணையேற்றினர். மார்ச்சு மாதம் உடன்படிக்கை எழுதினர். கொச்சி நாட்டு மிளகும் இலவங்கப்பட்டையும் கம்பெனிக்கே உரியன என்பது அதன் சாரம். ஆள் மாறினார், பூட்டு மாறவில்லை.

ராணியைச் சிறைப்பிடித்த அதே வான் ரீடே, பின்னர் மலையாளக் கரையின் ஆளுநராகி, அந்நாட்டு மரஞ்செடி கொடிகளை ஆராயச் செய்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணிப் புலவரும் துணைநின்றனர். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. மனிதர் எத்துணை முரண்பாடு உடையவர்!

டச்சுக்காரரின் பிடியைத் தளர்த்தியவர் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மர். 1741-இல் குளச்சலில் அவர் டச்சுப் படையை முறியடித்தார். பின்னர்த் தம் நாட்டு மிளகு வாணிகத்தை அரசுடைமை ஆக்கினார். அங்கே விலை சொல்லும் உரிமை ஒரு நாட்டரசரின் கைக்கு மீண்டது. பயிரிட்டவன் கைக்கு வந்ததா என்றால், இல்லை. குளச்சலில் பிடிபட்ட தெலன்னாய் என்ற டச்சுப் படைத்தலைவர், வென்றவருக்கே படை பயிற்றி, 1777-இல் மறைந்தார். இன்று தமிழ்நாட்டுக் குமரி மாவட்டத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. அதன்மேல் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

கொச்சி 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்கள் கதை தனியே சொல்லத்தக்கது. விடுதலைக்குப் பின், 1957-இல், மட்டாஞ்சேரியிலே மிளகு வணிகர் சங்கம் தோன்றி முன்பேர வாணிகம் நடத்தியது. யூதர் தெருவிலுள்ள அக்கூடத்தில் தரகர்கள் தொண்டை கிழியக் கூவி விலை சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் பீரங்கி முனையில் நிறுத்தப்பட்ட விலை, இங்கே உள்ளூர்க் குரல்களில் நிமிடத்துக்கொரு முறை ஏறி இறங்கியது. பிற்காலத்தில் கணிப்பொறி வந்து அக்கூச்சலை அடக்கிற்று.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து வாழும் நாம், மட்டாஞ்சேரியின் அருகே கோட்டைக் கொச்சியில் வேலி என்னுமிடத்திலுள்ள சலவைத் துறையையும் காண்பது நலம். அங்கே வெளுப்போர் தமிழ் வண்ணார் குலத்தினர். டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகவே தம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அப்படைவீரரும் போயினர், அவர்களை அனுப்பிய கம்பெனியும் 1799-இல் முடிந்தது. துறையில் கல்லில் துணி அறையும் ஓசை இன்றும் கேட்கின்றது. கஞ்சி தோய்ந்த வேட்டிகளை, முறுக்கிக் கட்டிய கயிற்றின் புரிகளுக்கிடையே செருகி வெயிலில் உலர்த்துகிறார்கள். வெளியே மலையாளம் பேசுவோர், துறைக்குள்ளே ஒருவரையொருவர் அழைப்பது தமிழில்.