கறுப்புச் சட்டையின் உப்பு



இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் முதல் சம்பளம் வாங்குவீர்கள். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வேட்டி எடுத்த கையோடு உங்களுக்கும் இரண்டு டிஷர்ட் எடுப்பீர்கள். தாராளமாக எடுங்கள். அந்த டிஷர்ட்டைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடியில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிற, சாதாரணக் கறுப்பு டிஷர்ட்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயத்தோடு உப்பையும் மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுவார்கள். சாயம் தண்ணீரிலேயே நின்றுவிடாமல் இழையில் போய்ப் பிடிக்க உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, கருநீலம், அரக்கு என்று நிறம் ஏற ஏற உப்பும் ஏறும். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அந்த நீரின் நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுப்பதுதான் கடினம். ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால்தான் உப்பு தனியே வரும். மின்சாரத்துக்கும் கொதிகலனுக்கான விறகுக்கும் பணம் கரையும். பனியன் துணி தயாராகும் திருப்பூரில் பல்லாண்டுகள் அந்தச் செலவு செய்யப்படவில்லை. உப்பை நொய்யல்தான் சுமந்தது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. சுற்றியிருந்த கிணறுகள் உப்பேறின, தென்னையில் காய்ப்புக் குறைந்தது, ஆடுமாடு குடிக்கவும் தண்ணீர் ஆகவில்லை. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்டார்கள். தண்ணீருக்காகத் தவம் கிடக்கிற மண்ணில் ஒரு விவசாயி தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததே, அந்த வேதனையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாயப்பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்படியும் உத்தரவு முழுதாக நடைமுறைக்கு வராததால், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. கூலியாட்கள் வேலையின்றித் தவித்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வசதியைச் செய்துகொண்ட பிறகே ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

இத்தனை ஆண்டும் அந்தத் துணியை உடுத்திய நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாம் கையில் மஞ்சப்பையோடு கடைக்குப் போவது நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் நொய்யலுக்கு நியாயம் கேட்டவர்கள் கடையில் துணி வாங்கிய நாமல்ல, கரையில் பயிரிட்டவர்கள். பார்த்து வாங்கினால் மட்டும் உலகம் திருந்திவிடும் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. விலைச்சீட்டில் விலையும் அளவும் இருக்கும். எந்த ஊர்த் தண்ணீர் கெட்டது என்று இருக்காது.

அந்தத் துணிக்கான நூல் எப்படி வந்தது என்பதும் அந்தச் சீட்டில் இருக்காது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். உடம்பு முடியாமல் நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை கைக்கு வராமலே போகும். உங்களைவிட வயதில் சிறிய பிள்ளைகள் அவர்கள்.

அதனால் திருப்பூர்த் துணியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ராமநாதபுரத்திலிருந்தும், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்தப் பனியன் கம்பெனிகள்தான் சோறு போடுகின்றன. நாம் ஒதுக்கினால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான். திண்டுக்கல்லில் 2022-இல் வேறு வழி பிறந்தது. பெண்கள் நடத்தும் ஒரு தொழிற்சங்கம், ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் ஒப்பந்தம் போட்டது. பெண்கள்மீதான அத்துமீறலைக் கண்காணித்துப் புகார் சொல்ல, தையல் தளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கே பொறுப்பு கிடைத்தது. விற்கிற பிராண்டும் அதில் கட்டுப்பட்டது எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தருகிறது.

வாங்குவதைக் குறையுங்கள், வாங்கியதை நைந்துபோகும்வரை உடுத்துங்கள். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் கேட்பது நீங்கள் செய்யப்போகும் வேலையைப் பற்றியது. மெர்ச்சண்டைசராகப் போகிறவர்களே, ஒரு உருப்படிக்கு நாலு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் எழுதும் நாள் உங்களுக்கு வரும். அந்த நாலு ரூபாயை எதில் குறைப்பீர்கள் என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். வேதியியல் படித்தவர்களே, உப்பில்லாமல், குறைந்தபட்சம் உப்பைக் குறைத்து, பருத்தியில் கறுப்பு ஏற்றும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. கணக்குத் தணிக்கைக்குப் போகிறவர்கள் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்புச் சான்றிதழைப் பார்த்ததோடு எழுந்துவிடாதீர்கள். மின்கட்டண ரசீதையும் கொதிகலனுக்கு விறகு வாங்கிய கணக்கையும் கேட்டு வாங்குங்கள். சாயம் போட்ட துணியின் அளவோடு அவற்றை ஒப்பிட்டால், கழிவுநீர் ஆவியானதா, ராத்திரியில் ஆற்றுக்குப் போனதா என்பது தெரிந்துவிடும்.