மருந்து விற்பனைக் கணக்கில் சேரி எங்கே இருக்கிறது?

(மக்கள் நலவாழ்வு குறித்த அரங்கக் கூட்டமொன்றில், மருத்துவப் பிரதிநிதியாகப் பணியாற்றிய தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு மேடையில் மருந்து விற்பனைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் பத்தொன்பது ஆண்டுகள் மெடிக்கல் ரெப்பாக வேலை பார்த்தவன். கழுத்தில் டை, கையில் பை, பை நிறைய சாம்பிள். மாதம் பிறந்தால் டார்கெட். எந்த நாளில், எந்த ஊரில், எந்த டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று டூர் புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். அத்தனை ஆண்டுகளில் நான் பிறந்த காலனி அந்த டூர் புரோகிராமில் ஒருமுறைகூட வந்ததில்லை. அங்கே டாக்டர் இல்லை. அதனால் விற்பனை இல்லை. அதனால் கம்பெனிக் கணக்கில் அங்கே நோயும் இல்லை.

ஆனால் நோய் இருந்தது. என் அம்மா மருந்துக்கடையில் அட்டையை வெட்டித்தான் வாங்குவார். டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதினால் இரண்டு நாளைக்கு வாங்குவார். காய்ச்சல் விட்டால் மிச்சக் காசு அரிசிக்கு. "இந்த சனங்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாது" என்று சொல்லும் டாக்டர்களின் அறைக்கு வெளியேதான் நான் பையோடு காத்திருந்தேன். வாங்க முடியாமல் விட்டுப்போன அந்த மூன்று நாள் மாத்திரை எந்த விற்பனை அறிக்கையிலும் ஏறாது. அந்த மாத்திரையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் உலகக் கணக்கைப் பார்ப்போம். உலகம் ஓர் ஆண்டில் மருந்துக்குச் செலவிடும் தொகை 2023 வாக்கில் ஏறக்குறைய 1.6 லட்சம் கோடி டாலர். இதில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்கா என்ற ஒரே நாட்டின் சந்தை. உலக மக்கள்தொகையில் அந்த நாட்டின் பங்கு நான்கு விழுக்காடுதான். நோய்கள் எல்லாம் அங்கே குடிபோய்விட்டனவா? இல்லை. காசு அங்கே இருக்கிறது.

எந்த மருந்து அதிகம் விற்கிறது? 2024இல் முதலிடம் கீட்ரூடா என்ற புற்றுநோய் மருந்துக்கு. ஒரே மருந்து, ஒரே ஆண்டு, ஏறக்குறைய 2,950 கோடி டாலர். 2025இன் மூன்றாம் காலாண்டில் அதை முந்தியது டிர்செபடைட். நீரிழிவுக்கும் உடல் எடையைக் குறைப்பதற்கும் போடப்படும் ஊசி அது. இவை பயனுள்ள மருந்துகள் அல்ல என்று நான் சொல்லவில்லை. எந்த நோய்க்கு மருந்து தேட வேண்டும் என்பதை விற்பனை வாய்ப்பு முடிவு செய்கிறது, அதைத்தான் சொல்கிறேன். 1975 முதல் 1999 வரை உலகில் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1,393. இவற்றில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து வந்தவை வெறும் 16. கால் நூற்றாண்டில் ஏழைகளின் நோய்களுக்குக் கிடைத்த பங்கு இவ்வளவுதான்.

அந்த நோய்களில் ஒன்று காலா அசார், அதாவது கருங்காய்ச்சல். மணல் ஈ கடித்துப் பரவும் நோய். மருத்துவம் செய்யாவிட்டால் உயிரைக் குடிக்கும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகை ஈரத்திலும் அந்த ஈ வாழும். இந்தியாவில் இந்த நோயின் மையம் பீகார். அங்கே அதிகம் அடிவாங்கியவர்களில் முதன்மையானவர்கள் முசாகர் மக்கள். நிலம் இல்லை, நல்ல வீடு இல்லை, தீண்டாமையின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்ட தலித் மக்கள். அவர்களை மண்சுவருக்குள் வைத்தது ஈ அல்ல, சாதி. ஈ அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த நோய்க்கு வாய்வழி கொடுக்கும் முதல் மருந்து மில்டெஃபோசின். முதலில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. பிறகு உலக நலவாழ்வு நிறுவனத்தின் திட்டமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், ஜெர்மன் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அதைக் கருங்காய்ச்சலுக்குச் சோதித்தன. பீகாரில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 299 நோயாளிகள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள். 2002இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். உரிமை கை மாறி கை மாறி, கனடாவின் நைட் தெரபியூடிக்ஸ் நிறுவனத்திடம் போனது. 2014 மார்ச்சில் அமெரிக்காவிலும் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்க்கு மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு ஒரு சலுகைச் சீட்டு தருகிறது. அந்தச் சீட்டு இருந்தால் வேறொரு மருந்தின் விண்ணப்பத்தை விரைவாகப் பரிசீலிப்பார்கள். சீட்டை விற்கவும் செய்யலாம். நைட் நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் அதைக் கிலியட் நிறுவனத்துக்கு 12.5 கோடி டாலருக்கு விற்றது. மருந்தைக் கண்டுபிடித்தது அந்த நிறுவனம் அல்ல. பீகாரில் சோதித்ததும் அது அல்ல. மாத்திரையை விழுங்கிச் சோதனைக்கு உடலைக் கொடுத்தவர்கள் பீகாரின் ஏழைகள். விற்பனைக் கணக்கு அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

2023 இறுதியில் இந்தியாவின் எல்லா வட்டாரங்களிலும் இந்த நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. சந்தை அதைச் செய்யவில்லை. அரசு ஊழியர்கள் வீடு வீடாக மருந்து தெளித்ததும், நோயாளிக்குக் கட்டணமில்லாமல் மருந்து கிடைத்ததும்தான் செய்தன. ஒரு ரூபாய்கூட விலை கேட்காமல் கொடுத்தபோதுதான் நோய் இறங்கியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். "உலகின் மருந்தகம்" என்று இந்தியாவைப் பெருமையாகச் சொல்கிறார்கள். 2024-25இல் மருந்து ஏற்றுமதி 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பெருமைப்படுங்கள், தவறில்லை. அதே நாட்டில் 2021-22இல் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்திருக்கிறார்கள். இது அரசு வெளியிட்ட கணக்கு. ஒரு தலித் பெண், உயர்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொல்கிறது. அந்த 14.6 ஆண்டுகளில் வாங்க முடியாத மாத்திரையின் பங்கும் இருக்கிறது.

விலை ஏன் கட்டுக்குள் இல்லை? 1979இல் 347 மூல மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1995இல் அது 74 ஆகச் சுருங்கியது. 2013இல் பட்டியல் நீண்டது, ஆனால் முறை மாறிவிட்டது. முன்பு உற்பத்திச் செலவைப் பார்த்து விலை வைத்தார்கள். இப்போது ஒரு விழுக்காட்டுக்கு மேல் சந்தைப் பங்குள்ள பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். கம்பெனிகள் ஏற்றி வைத்த விலையே அளவுகோல் ஆகிவிட்டது! அதற்கு மேல் ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்வு. 2022இல் 10.77 விழுக்காடு, 2023இல் 12.12 விழுக்காடு.

2025 மார்ச்சில் டிர்செபடைட் ஊசி மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. ஏழே மாதத்தில், அக்டோபர் விற்பனையில், பண மதிப்பில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. அறிமுகமானபோது மிகக் குறைந்த அளவு ஊசியின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று போட வேண்டும். பீகாரில் 2025-26இல் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 255 ரூபாய். ஓர் ஊசிக்குப் பதினான்கு நாள் மண் சுமக்க வேண்டும். நீரிழிவு நம் மக்களுக்கும்தான் வருகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2024 மார்ச்சில் அடிப்படைக் காசநோய் மாத்திரைகளே பற்றாக்குறை. உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 

தோழர்களே, விலை தானாக ஒருபோதும் இறங்கியதில்லை. 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்குப் பொருள் காப்புரிமை கிடையாது என்றது. அந்த அடித்தளத்தில் வளர்ந்ததால்தான் 2001இல் சிப்லா நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முடிந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் அப்போது கேட்டது 10,000 டாலருக்கு மேல். 2005இல் உலக வணிக அமைப்புக்காகச் சட்டத்தைத் திருத்தினார்கள். போராட்டத்தால் சில பாதுகாப்புகள் மிஞ்சின. 2012இல் நெக்சாவர் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தபோது மாதச் செலவு 2.8 லட்சத்திலிருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது. அதன்பின் இன்றுவரை இரண்டாவது கட்டாய உரிமம் இல்லை. 2023 மார்ச்சில் பெடாகுவிலின் காசநோய் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சி இந்தியாவில் தோற்றது. எதிர்த்து மனு போட்டவர்கள், காசநோய் மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்த இரண்டு பெண்கள். ஒருவர் இந்தியர், இன்னொருவர் தென்னாப்பிரிக்கர்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிராண்டு பார்ப்பதில்லை. மருந்தின் பொதுப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது, ஆய்வகத்தில் சோதிக்கிறது, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே என்னைப் போன்ற ரெப்புக்கு வேலை இல்லை. அது நல்ல செய்தி. என் காலனிக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய மாத்திரைக்குச் சாதியும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகளில் இவையும் சேர வேண்டும். உற்பத்திச் செலவை வைத்து விலைக் கட்டுப்பாடு வேண்டும். கட்டாய உரிமம் தூசி தட்டி எடுக்கப்பட வேண்டும். கட்டணமில்லா மருந்து நாடு முழுதும் உரிமையாக வேண்டும். யார் எந்த நோயில் சாகிறார்கள், யாருக்கு மருந்து கிடைத்தது என்ற கணக்கைச் சாதிவாரியாக எடுத்து வெளியிட வேண்டும். எத்தனை கோடிக்கு விற்றது என்ற கணக்கை அவர்கள் மாதாமாதம் போடுகிறார்கள். என் அம்மா வாங்காமல் விட்ட மூன்று நாள் மாத்திரையின் கணக்கை நாம்தான் கேட்க வேண்டும்.

ஜெய்பீம்.