மட்டாஞ்சேரியில் ஒற்றை வால்வு

மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளுக்குப் பின்புறம் குடியிருப்பவர்கள் நாங்கள். ஒரு மொழியை மற்றொரு மொழியில் பெயர்ப்பது பிழைப்பு. எங்கள் பெண்ணோ பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கிறாள். தமிழ் அவளுக்குச் சமையலறையோடு நின்றுவிட்ட மொழி. கைப்பேசியில் வேண்டிய மட்டும் தமிழ் கிடைக்கிறது, அவள் கேட்பதில்லை. தேடிப் பிடிக்க வேண்டிய தமிழாயின் கேட்பாளோ என்றெண்ணி, ஒற்றை வால்வு வானொலி ஒன்றை அவளோடு சேர்ந்து கட்டத் துணிந்தோம்.

இப்பித்து நமக்குப் புதிதன்று. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ சங்கம் அமைத்து, ஜூலை 31 முதல் ஒலிபரப்பினர். பணமுடையால் 1927-இல் அது நின்றது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல், திருச்சிக்கு 1939-இல்.

எங்கள் பெட்டிக்கு வேண்டியவை சிலவே. இரண்டு அங்குல விட்டமுள்ள அட்டைக் குழலின்மேல் 24 கேஜ் எனாமல் கம்பி 85 சுற்று; அதனருகே 20 சுற்றுக்கொண்ட சிறு சுருள்; பழைய வானொலியிலிருந்து கழற்றிய காங் கண்டென்சர்; ஹெட்போன்; 1டி4 வால்வு இரண்டு. வால்வின் இழைக்கு ஒன்றரை வோல்ட். தகட்டுக்கு 9 வோல்ட் பாட்டரி ஐந்தைத் தொடுத்த 45 வோல்ட். வீட்டு மின்சாரத்தின் தொடர்பே இல்லாமையால் சிறுவர்கள் அச்சமின்றிக் கைவைக்கலாம்.

தகட்டிலிருந்து வரும் அலையில் ஒரு பங்கைச் சிறு சுருளின் வழியே வால்வுக்கே திரும்ப ஊட்டுவதுதான் இதன் தந்திரம். அமெரிக்கரான ஆர்ம்ஸ்ட்ராங் 1914-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஊட்டம் குறைந்தால் குரல் எழும்பாது. மிகுந்தால் பெட்டி ஊளையிடும். ஊளையிடும் பெட்டி தானே ஒரு சிறு ஒலிபரப்பியாகி அண்டை வீட்டு வானொலியையும் கெடுக்கும். ஆகவே, ஊளைக்குச் சற்று முன்னே கையை நிறுத்தப் பழகவேண்டும்.

முதல் வால்வை நாங்களே கொன்றோம். அவசரத்தில் 45 வோல்ட் கம்பி இழையின் முனையில் பட்டது. கண்ணாடிக்குள் ஒரு கணம் பளிச்சிட்டது; அவ்வளவே. பழஞ்சரக்காகத் தேடி வாங்கிய பொருள்! எஞ்சியது ஒன்று. அதைப் பொருத்துமுன் பெண் ஒவ்வோர் இணைப்பையும் படத்தோடு ஒப்பிட்டு, ‘இது இழைக்கு, இது தகட்டுக்கு’ என்று உரக்கச் சொன்னாள். அப்போதும் ஓசையில்லை. சிறு சுருளின் முனைகளை இடம் மாற்றியதும் ஊளை கிளம்பிற்று. அவ்வூளையைக் கேட்டு அப்படி மகிழ்ந்தவர்கள் இத்தெருவில் வேறெவரும் இரார்.

திருச்சி இங்கிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர், இடையில் மலைத்தொடர். வான்மண்டலத்தின் ஒரு கீழடுக்கு பகலில் மத்திய அலைகளை விழுங்கிவிடும். இருட்டியபின் அவ்வடுக்கு மங்க, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் மலையைத் தாண்டி வந்து சேரும். இருட்டும்வரை காத்திருந்தோம். பெண் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கித் திருகைத் திருப்பினாள்.

“அப்பா, யாரோ ‘வெள்ளாமை’ என்கிறார். வெள்ளாமை என்றால் என்ன?”

நாங்கள் சொல்லத் தொடங்குமுன் குரல் மங்கிற்று. ‘இருங்கள்’ என்று கைகாட்டிவிட்டு, அவள் திருகை மயிரிழையளவு நகர்த்தினாள்.