ஒரு சாவுக்கு எத்தனை பெயர்கள்

நான் சட்டம் படித்தவளல்ல. கெல்சென்கிர்ச்சனில் தாதியாக வேலை செய்கிறேன், கொஞ்சம் எழுதுகிறேன். ஆகவே கதையிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும்தான் பேச முடியும்.

ஒரு கொலைச் செய்தி வந்ததும் எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி இது: "கொலை செய்தவனுக்கு எதுக்குச் சட்டத்தரணி?"

நல்லதங்காளை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணி அவமதிக்கிறாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். அவளை நாங்கள் கொலைகாரி என்று சொல்வதில்லை. அழுகிறோம். விருதுநகர் மாவட்டம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. ஏன்? அவளுடைய கதை முழுவதையும் கேட்டுவிட்டோம்.

ஆனால் ஒரு நல்லதங்காள் கிணற்றிலிருந்து உயிரோடு தூக்கப்பட்டால்? பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989இல் வெளியான சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. திடீரென்று கடுமையாகச் சீண்டப்பட்டுச் செய்த கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் விலக்குத் தந்தது. இவளுடையது திடீர்ச் சீண்டல் அல்ல, நாள்பட்டுச் சேர்ந்த துன்பம். அதையும் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம். நல்லதங்காளின் பெயரையே அங்கே பயன்படுத்தினார்கள். இறந்த பிள்ளைகள் திரும்பவில்லை. நடந்ததற்குச் சட்டம் கொடுத்த பெயர் மாறியது.

ஜேர்மனியிலும் ஒரு சாவுக்குப் பல பெயர்கள் உண்டு. 'மோர்ட்' என்றால் ஆயுள் தண்டனைதான். 'டோட்ஷ்லாக்' என்றால் சாதாரணமாக 5 முதல் 15 ஆண்டுகள். கவனக்குறைவால் நேர்ந்த சாவென்றால் அதிகபட்சம் 5 ஆண்டுகள், அல்லது அபராதம். மருந்து அளவு மாறி நோயாளி இறந்தால் ஒரு தாதி நிற்கக்கூடிய இடம் இந்தக் கடைசிப் பெயர். இரவு வேலையில் இருக்கிற எவருக்கும் இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

'மோர்ட்' பற்றிய சட்டவரிகள் 1941இல், நாசிகளின் காலத்தில் எழுதப்பட்டவை. எதிராளி எதிர்பாராத நேரத்தில், அவர் தற்காக்க முடியாத நிலையைப் பயன்படுத்திக் கொல்வது அதில் ஒரு அடையாளம். யோசித்துப் பாருங்கள். மனைவியை நேருக்கு நேர் அடித்துக் கொல்கிற பலசாலிக்கு 'டோட்ஷ்லாக்' கிடைக்கலாம். வருடக்கணக்காக அடிவாங்கியவள் அவன் தூங்கும்வரை காத்திருந்தால் அது 'மோர்ட்'. அப்படித் தூங்கிய கணவனைச் சுட்ட ஒரு பெண்ணுக்கு 9 ஆண்டுகள் சிறை கொடுத்தார்கள். 2003 மார்ச்சில் கார்ல்ஸ்ரூவேயிலுள்ள உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, தப்ப வேறு வழியில்லாத ஆபத்து இருந்ததா என்று மறுபடி ஆராயச் சொன்னது. அந்தக் கேள்வியை மேலே கொண்டுபோக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

சரி, பரிதாபமே வராத ஆளுக்கு? நீல்ஸ் ஹோகெல் என் தொழிலைச் செய்தவர். ஓல்டன்பூர்க், டெல்மன்ஹோர்ஸ்ட் வைத்தியசாலைகளில் நோயாளிகளுக்குத் தேவையில்லாத இதய மருந்துகளை ஏற்றினார். பிறகு உயிர்ப்பிக்கிற வீரனாகத் தன்னைக் காட்டினார். 100 கொலைகளுக்குக் குற்றம் சாட்டினார்கள். 2019 ஜூன் 6ஆம் திகதி 85 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. மற்ற 15இல், போதிய ஆதாரம் இல்லையென்று விடுதலை.

அவருக்கும் சட்டத்தரணிகள் இருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இருந்தார்கள். அந்த 15 குடும்பங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்று ஒருவர் நின்றதால்தான், மீதி 85ஐ இன்று யாரும் சந்தேகிக்க முடியாது. 2022இல் அவருடைய முன்னாள் மேலதிகாரிகள் 7 பேரும் விடுதலையானார்கள். சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லலாம். தெரிந்தே உதவினார்கள் என்பது வேறு குற்றச்சாட்டு.

யோவான் நற்செய்தியில் நிக்கொதேமு ஒரு சபையில் எழும்பிக் கேட்டதும் இதுதான்: ஒருவனைக் கேட்டறியாமல் எங்கள் சட்டம் தீர்ப்பிடுமா? அவர் இயேசுவை நல்லவர் என்று வாதாடவில்லை. கேளுங்கள் என்றார். அதற்கே அவருக்கு ஏச்சு விழுந்தது.

கடைசியாக, வீட்டில் சொல்லிவைக்க வேண்டியவை. கெல்சென்கிர்ச்சனில் நடக்கும் கொலை வழக்கு எசன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். மூன்று நீதிபதிகளோடு பொதுமக்களில் இருவரும் தீர்ப்பில் பங்கெடுப்பர். சந்தேகநபர் பொலிசில் வாய் திறக்காமல் இருக்கலாம், முதலில் சட்டத்தரணியோடு பேசலாம். சட்டத்தரணி இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமித்தே ஆகவேண்டும். 'அரசாங்கம் தந்தவர்' என்று அவரைக் குறைவாக எண்ண வேண்டாம், அவர் அரசுக்கு வேலை செய்பவரல்ல. ஜேர்மன் மொழி போதாதென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் சாட்சி சொல்ல மறுக்கலாம்.

அதுவரை வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பெழுதாமல் இருப்போம். அந்த வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.